டல்லிவரை எடுக்கச் சொன்ன அப்பா

லொரெய்ன், ஒஹையோ
மே மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள ரஸ்ஸலுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மரீசாவும் குட்டி ஹேஸலும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அடுத்த வரியில் அப்பாவும் சுகம் என்று எழுத வேண்டும், அதுதான் வழக்கம், அந்த ஒரு வரி கைக்கு வராமல் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சர்ச் சமையலறையில் இருக்கிறேன். இன்று பியரோகி போடும் நாள், உள்ளே வைக்க உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது, மற்ற பெண்கள் வெளியே நின்று ஊர்வம்பு பேசுகிறார்கள். காகிதத்தில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. வீட்டில் எழுத முடியவில்லை, அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறார். போனில் பேசினாலும் பக்கத்தில் வந்து, 'ரஸ்ஸா, ரஸ்ஸா' என்று கையை நீட்டுகிறார். நீயோ மூன்று ஞாயிறாக அவரோடு பேசவில்லை, எல்லாரும் நலம் அம்மா என்று எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் அதிகமாகவே கோபப்பட்டிருப்பேன். ஆனால் இதை முழுதாகப் படி, படித்த பிறகும் கோபம் மிச்சம் இருந்தால் என் மேல் படு.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். ஏரியில் பனி முழுக்கக் கரைந்துவிட்டது, ஆனால் காற்று இன்னும் எலும்பைக் குடைகிறது. கூரை ஓரத் தகரம் குளிர்காலத்தில் பிய்ந்து தொங்கியது, அப்பாவின் சிநேகிதன் விடால் வந்து ஏணி போட்டுச் சரிசெய்து கொடுத்தான். அப்பாவை ஏணியில் ஏற விடவில்லை, அதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுச் சக் ஃபெகெட்டேவுக்கு முழங்கால் மாற்றியிருக்கிறார்கள், மூன்றாவது மனைவி வந்தது போல அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். ஹேஸலின் முன்பல் விழுந்த படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மரீசா இரவு ஷிப்ட் முடிந்து தானே கார் ஓட்டி வருகிறாள் என்று எழுதியிருந்தாய், மான்கள் குறுக்கே வரும் ஊர், மெதுவாக வரச் சொல். நீயும் விமானத்துக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது முதுகுக்கு ஏதாவது போட்டுக்கொள், வெறும் சிமெண்டில் படுக்காதே.

இப்போது சக்கின் கராஜில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் போனில் பாதிதான் கேட்டிருக்கும். கல்லூரிப் பையன்களை ஃபுட்பால் டீம்கள் முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த ஒரு சாயங்காலத்துக்காக இந்த ஆண்பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பது உனக்கே தெரியும், நீயும் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன்தானே. அதிகம் தோற்ற டீமுக்கு முதல் முறை என்பதால் நமக்கு எப்போதும் நல்ல இடம்தான் கிடைக்கிறது, இந்த வருடம் ஆறாவது. வழக்கம் போலத் தகராறு. சக் தடுக்கிறவன் கட்சி. 'நம்ம குவார்ட்டர்பேக் பந்த எறிய முடியாம போன சீசன் பூரா மல்லாக்கப் படுத்தே கெடந்தான், முதல்ல அவனுக்கு முன்னாடி ஒரு சுவர் வையுங்கடா' என்கிறான். விடால் பிடிக்கிறவன் கட்சி. 'சுவர் வெச்சு என்னய்யா பண்றது, எறிஞ்சா பிடிக்க ஆள் வேணாமா, நம்ம பசங்க கையில எண்ணெய தடவிக்கிட்டுல்ல எறங்கறானுங்க' என்கிறான். 'உன் கையில பீர் டின்னே நிக்க மாட்டேங்குது, நீ பிடிக்கறதப் பத்திப் பேச வந்துட்ட' என்று சக் திருப்பிக் கொடுக்க, ஒரே சிரிப்பு. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தடுக்கிறவன்தான் என்று சொல்லியிருப்பேன். நம் முறை வரும் முன்னால் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, இடித்துத் தள்ளிய பழைய ஸ்டேடியத்திலிருந்து சக் தூக்கி வந்த அந்த ஆரஞ்சு நாற்காலியில் ஒவ்வொருவராக ஏறி, தன் ஆளுக்காக வாதாட வேண்டும், நடுவில் யாரும் பேசக் கூடாது. அந்தச் சட்டத்தை மட்டும் இவர்கள் ஒருநாளும் மீறியதில்லை.

அப்பா ஏறி நின்று டல்லிவர் என்றார். கராஜே அதிர்ந்தது. ஏன் அதிராது, நீ பிறந்த வருடம் வேட் டல்லிவரை விட்டுவிட்டு வேறு யாரையோ எடுத்தார்கள், எடுத்தவனுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று, டல்லிவர் போய் எதிரி ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து இந்தத் தெருவில் வண்டி கிளம்பாவிட்டாலும் டல்லிவர், கறி கருகினாலும் டல்லிவர். சக்கின் இரண்டாவது மனைவி பெட்டியைக் கட்டியபோதும், 'டல்லிவர விட்டுட்டேன்டா' என்றுதான் அழுதான். அதனால் அப்பா அந்தப் பெயரைச் சொன்னதும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். 'பையனுக்கு இருபத்திரெண்டு வயசு, சின்னக் காலேஜுன்னு ஒதுக்கறாங்க. நான் போய்ப் பாத்தேன்டா. கொட்டற மழை, பந்து மீன் மாதிரி வழுக்குது, அவன் கை நடுங்கல. இவன விட்டீங்கன்னா காலம் பூரா தலையில அடிச்சுப்பீங்க, எழுதி வெச்சுக்கோங்க' என்றார். சக் கண்ணீர் வரச் சிரித்தான், கைத்தடியால் தரையைத் தட்டினான். எவ்வளவு நன்றாகப் பேசினார் தெரியுமா ரஸ்ஸல், ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. ஆனால் டல்லிவர் பேச்சை முடித்தால் வழக்கமாக என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அன்று கண்ணடிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனாலும் பியரோகித் தட்டை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நம் முறை வந்ததும் டிவியில் ஐயோவாவிலிருந்து வந்த அந்த டோப்ஸ் பையன் பெயரை மேடையில் வாசித்தார்கள். கதவு மாதிரி இருக்கிறான், நல்ல தடுக்கிறவன். சக் துள்ளிய துள்ளலில் புது முழங்கால் கழன்று விழாதது ஆச்சரியம். விடால்கூட, 'சரி, கெட்ட ஆள் இல்ல' என்று ஒத்துக்கொண்டான். அப்பா நாற்காலியிலிருந்து இறங்கவே இல்லை. முகம் வெளுத்துப்போயிற்று. 'டல்லிவர் இன்னும் மிச்சம் இருக்கான்ல, அடுத்தவன் எடுக்கறதுக்குள்ள யாராவது போன் போட்டுச் சொல்லுங்கடா' என்றார். அதற்கும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நீ வேலைக்கு நடுவில் கூப்பிட்டாய். நீ பேசியது எனக்கும் கேட்டது, அப்பா ஸ்பீக்கரில்தானே எப்போதும் போடுவார். 'அப்பா, பாத்தீங்களா, சுவர் கெடச்சிருச்சு' என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். யார் பேசுவது என்று கேட்டார். 'உங்க பையன்தான்ப்பா' என்றாய். 'நீ என் பையனே இல்ல, போனை வை' என்றார். தடுக்கிறவனை எடுக்கச் சொல்கிறவன் என் பிள்ளையே இல்லை என்று வருடா வருடம் உன்னை வம்பிழுப்பாரே, அதுதான் என்று நீ சிரித்தாய். 'எவன்டா சிரிக்கறது, இனிமே இந்த வீட்டுக்குக் கூப்பிடாத' என்று கத்தி வைத்துவிட்டார். நீ சிரித்தது எனக்குக் கேட்டது, சட்டென்று சிரிப்பை நிறுத்தியதும் கேட்டது. ஒரு பந்தாட்டக்காரனுக்காகப் பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் இப்படிப் பேசுவாரா என்று நீ வெந்துபோயிருப்பாய்.

போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கி என்னிடம் வந்தார், குரலைத் தாழ்த்தி, 'பெர்னி, யாரோ ஒருத்தன் போன் பண்ணி என் பையன்னு சொல்றான், பெரிய ஆம்பள குரல். கதவ சாத்து. ரஸ் தூங்கறானா, பால் குடிச்சானா' என்று கேட்டார். டல்லிவரை விட்ட அந்த ஏப்ரலில் நீ மூன்று வாரக் குழந்தை. அன்று அப்பா டிவியைப் பார்த்துப் போட்ட கூச்சலில் நீ தொட்டிலில் அலறி எழுந்து, நீலம் பாய்கிற அளவுக்கு அழுதாய். அவர் பயந்துபோய் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடையாக நடந்தார். அதற்கப்புறம் ஒரு சீசன் முழுக்க நம் வீட்டில் ஆட்டத்தைச் சத்தமில்லாமல்தான் பார்த்தார், இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த ஏப்ரலில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். சக் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். விடால் போய் டிவியை அணைத்தான். 'தூங்கறான், குடிச்சாச்சு' என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது. விடால்தான் எங்களைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, 'அண்ணி, இது டல்லிவர் ஜோக் இல்ல. ரெண்டு வருஷமாவே இது ஜோக் இல்லையோன்னு இப்பத் தோணுது' என்றான்.

நானும் அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் மாதம் ஒரு காலையில், ஆட்ட நாளில் ஸ்டேடியம் வாசலில் கறி சுடும் அடுப்பையும் ஐஸ்பெட்டியையும் டிரக்கில் ஏற்றி வைத்துக்கொண்டு, 'சீக்கிரம் வா, பார்க்கிங்ல நல்ல எடம் போயிடும்' என்று ஹாரன் அடித்தார். ஆட்டம் செப்டம்பரில்தான். சக்கிடம் சொன்னேன், 'மார்ச்லயே கெளம்பிட்டானா, அவன்தான் ரசிகன்' என்று பெருமைப்பட்டான். வேறு ஊரில் ஒருவர் முப்பது வருடத்துக்கு முந்தைய ஆளைப் பற்றி நேற்று பார்த்தது போலப் பேசினால் வீட்டில் பயந்துபோவார்கள், நம் ஊரில் அவருக்கு இன்னொரு பீர் ஊற்றிக் கொடுப்பார்கள். இங்கே எல்லாருமே அந்தக் காலத்தில்தான் குடியிருக்கிறார்கள், அதனால் ஒருவர் நிஜமாகவே அங்கே போய்விட்டது யாருக்கும் தெரியவில்லை. போன இலையுதிர் காலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனதை உனக்குச் சொன்னேன் அல்லவா, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த டாக்டரும் நம் டீம் பைத்தியம். அப்பா எழுபதுகளிலிருந்து வருடா வருடம் யாரை எடுத்தோம், யாரை விட்டோம் என்று வரிசையாக ஒப்பித்தார், டாக்டர் வாய் பிளந்து கேட்டார். 'உங்க வீட்டுக்காரர் ஞாபகம் எனக்கு இருந்தாப் போதும்மா' என்று என் கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார். நீயும் ஞாயிறு தவறாமல் ஒரு மணி நேரம் அவரோடு பேசுவாய், பந்தைத் தவிர வேறு பேச மாட்டீர்கள் இரண்டு பேரும், அப்பா கத்தி மாதிரி இருக்கிறாரே அம்மா என்று எனக்குச் சொல்வாய். உன் மேல் தப்பில்லை, யார் பேசினாலும் அப்படித்தான் தெரியும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நம் வீட்டில் அதை யார் கேட்டோம்.

போன வாரம் வேறொரு டாக்டரிடம் போனோம், நகரத்தில். சின்ன வயதுப் பெண், பந்துக்கு எத்தனை மூலை என்று கேட்டால்கூடத் தெரியாது போல. அப்பா டீம் பேச்சை ஆரம்பித்தபோது சிரித்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். முட்டையும் ரொட்டியும் தின்றவர் என்னைப் பார்த்தார். இது என்ன மாதம் என்று கேட்டாள், என்னைப் பார்த்தார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டாள், அதற்கு மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, 'ஒருத்தன், ரஸ்ஸல், இப்பத்தான் பொறந்திருக்கான்' என்றார். அந்தப் பெண் மேசைக்குக் கீழே என் கையைத் தொட்டாள். ஜூனில் ஸ்கேன் எடுக்கிறார்கள், ஆனால் ஸ்கேன் வந்துதான் தெரிய வேண்டும் என்று இல்லை என்று பக்குவமாகச் சொல்லிவிட்டாள். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாமாம், திருப்ப முடியாதாம். வரும் வழியில் காரை நானே ஓட்டினேன். அப்பா சாவியைக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

எல்லா நேரமும் அப்படி இல்லை. காலை வேளையில் நீ அலாஸ்காவில் இருப்பது தெரிகிறது, ஹேஸலின் பல்லைப் பார்த்துச் சிரிக்கிறார். ஞாயிறு மத்தியானம் ஆனால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். போன ஞாயிறு ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு, 'ரஸ் என் மேல கோவமா இருக்கானா பெர்னி, நான் ஏதாவது சொல்லிட்டேனா' என்று கேட்டார். இல்லை, வேலை அதிகம் என்று சொன்னேன். 'நான் என்னவோ சொல்லியிருக்கேன்' என்றார். என்ன சொன்னார் என்பது நினைவில்லை, ஏதோ செய்துவிட்டோம் என்பது மட்டும் உள்ளே கிடந்து அரிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை ரஸ்ஸல். அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன், எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். சக் இப்போதெல்லாம் டல்லிவர் பெயரையே எடுப்பதில்லை. அன்றைக்குக் கறி கருகியதும் பழக்கத்தில் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

நேற்றுச் சாயங்காலம் டிவியில் பழைய ஆட்டம் ஒன்றைச் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லையோ என்று ரிமோட்டைத் தேடி எடுத்து நான் சத்தத்தைக் கூட்டினேன். பதறி எழுந்து என் கையிலிருந்து பிடுங்கி அணைத்தார். உன் பழைய அறைப் பக்கம் விரலைக் காட்டி, 'இப்பத்தான் தூங்கினான்' என்றார். நீ என் பையனே இல்லை என்று உன்னிடம் சொன்ன மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அன்று கராஜிலும் யாரோ தெரியாத ஒருவனிடமிருந்து உன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜூனில் லீவு கிடைக்குமா என்று பார். மரீசாவுக்குக் கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா, ஹேஸலை அழைத்து வந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, யோசித்துச் சொல். கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், உன் கை வைத்த இயந்திரம் எல்லாம் பத்திரமாகப் பறந்து இறங்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு என் கண்ணே. உருளைக்கிழங்கு வெந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

வரும் ஞாயிறு மறக்காமல் போன் செய். எடுத்ததும் அப்பா என்று ஆரம்பிக்காதே, அவர் குரல் எப்படி இருக்கிறது என்று கவனித்துவிட்டுப் பேசு. அவருக்கு உன்னைத் தெரிந்தால் அவரே ரஸ் என்று கூப்பிடுவார். தெரியாவிட்டால், நம் முறை வரப்போகிறது, யாரை எடுக்கலாம் என்று கேள். அவர் திருப்பி உன்னைக் கேட்டால் டல்லிவர் என்று சொல். நீ தடுக்கிறவன் கட்சி என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் எனக்காகச் சொல்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா,
பெர்னாடெட் ஹூடாக்